குதிரையைக் கைமாற்ற முடியாது!

நம் ஊரில் யாரும் எதையும் உடைப்பதில்லை. கவனித்திருக்கிறீர்களா? டம்ளர் தானாக 'உடைஞ்சிடுச்சு'. சாவி 'தொலைஞ்சிடுச்சு'. ஃபைல் 'காணாமப் போயிடுச்சு'. டோட்டல் 'தப்பா வந்துடுச்சு'. 'உடைச்சிட்டேன் சார்', 'தொலைச்சிட்டேன் சார்' என்று ஆபீஸில் எவராவது சொன்னால், சக ஊழியர்கள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்வார்கள்.

'ஆயிடுச்சு' என்ற ஒரே வார்த்தையில்தான் இந்த நாட்டின் பாதி ஆபீஸ்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது, ஒரு பி.காம். பட்டதாரி என்ற முறையில், என் தாழ்மையான அபிப்பிராயம்.

இந்த வாரம், 'ஆயிடுச்சு' என்று சொல்லாமல் 'பண்ணிட்டேன்' என்று சொன்ன ஒரு மனுஷரைப் பார்ப்போம். மேனேஜர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லவில்லை. நாடு முழுக்க ரேடியோவைத் திருகிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மைக்கிலேயே சொன்னார். பெயர் கிளெம் மெக்கார்த்தி. ஊர் அமெரிக்கா. உத்தியோகம், குதிரைப் பந்தய வர்ணனையாளர்.

மெக்கார்த்தி 1882-ல் நியூயார்க் மாநிலத்தில் ஈஸ்ட் புளூம்ஃபீல்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா ஏலம் விடுகிறவர். பையனுக்குத் தொண்டை எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பையனின் ஆசை என்னவோ ஜாக்கியாக வேண்டும் என்பது. ஜாக்கி வேலைக்கு முதல் தகுதி, வளராமல் இருப்பது. இவர் வளர்ந்துவிட்டார். குதிரை மேல் உட்கார முடியாதவர், குதிரையைப் பற்றி எழுதலாம் என்று பந்தயப் பத்திரிகைக்குப் போனார். அங்கிருந்து மைக்குக்கு வந்தபோது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. முப்பதிலேயே 'இனிமே எனக்கு என்ன இருக்கு' என்று டீக்கடையில் புலம்பும் அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

அந்தக் காலத்துப் பந்தய மைதானத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓடுதளம் ஒரு மைல் சுற்றளவு. எதிர்ப்பக்கத்து வளைவில் குதிரைகள் போகும்போது பார்வையாளருக்குத் தெரிவது ஒரு தூசிப்படலம் மட்டுமே. யார் முன்னால் என்று பக்கத்து ஆளைத்தான் கேட்க வேண்டும். பக்கத்து ஆள், தான் எந்தக் குதிரை மேல் பணம் கட்டியிருக்கிறாரோ அதுதான் முன்னால் என்பார். 1927-ல் சிகாகோ பக்கம் ஆர்லிங்டன் பார்க் மைதானத்தில் ஒலிபெருக்கி வைத்து, ஓடும்போதே பந்தயத்தைச் சொல்ல ஓர் ஆளைப் போட்டார்கள். அவர்தான் மெக்கார்த்தி. அமெரிக்காவின் பெரிய பந்தய மைதானம் ஒன்றில் இந்த வேலைக்கு அமர்ந்த முதல் ஆள். (அந்த ஆர்லிங்டன் மைதானம் 2021-ல் கடைசிப் பந்தயம் நடத்திவிட்டு மூடிக்கொண்டது. பிறகு இடித்தே விட்டார்கள். அது வேறு சோகம்.)

மறு வருஷமே, 1928-ல், கென்டக்கி டெர்பியை ரேடியோவில் சொல்ல ஆரம்பித்தார். குரல், தேன் குரல் இல்லை. தகர டப்பாவில் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்த ஜாதி. 'ர்ர்ரேசிங் ஃபேன்ஸ்!' என்று அவர் 'ர'வை உருட்டி ஆரம்பித்தால், சமையலறையில் இருக்கிறவர்கள்கூட கரண்டியோடு ஹாலுக்கு வந்துவிடுவார்களாம்.

குதிரைப் பந்தய வர்ணனை என்ன பெரிய வேலை, பார்த்ததைச் சொல்ல வேண்டியதுதானே என்று நினைக்கலாம். கிரிக்கெட் வர்ணனையாளருக்கு ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் மூச்சு விட, வானிலை சொல்ல, ஸ்கோர் சொல்ல நேரம் உண்டு. இங்கே மொத்த ஆட்டமே இரண்டு நிமிஷம். பத்துப் பதினைந்து குதிரை. எல்லாம் ஏறக்குறைய ஒரே பழுப்பு. முகத்தை வைத்து அடையாளம் சொல்ல, அவை சொந்தக்காரர்கள் இல்லை. ஆகவே ஜாக்கியின் சட்டையைத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு கலர், ஒரு டிசைன். பந்தயத்துக்கு முன் சில நிமிஷத்தில், இந்தக் கலர் சட்டை என்றால் இந்தக் குதிரை என்று மனப்பாடம் செய்து, இரண்டு நிமிஷம் கொட்டித் தீர்த்து, அடுத்த பந்தயத்துக்குள் அத்தனையையும் மறந்து, புதுப் பட்டியலை ஏற்றிக்கொள்ள வேண்டும். கூட்டமான பஸ்ஸில் யாருக்குப் பாக்கிச் சில்லறை தரவேண்டும் என்று ஞாபகம் வைத்திருக்கும் கண்டக்டருக்கு மட்டுமே இந்தக் கஷ்டம் புரியும். அவருக்காவது டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுக்கிற வசதி இருக்கிறது!

1938-ம் வருஷம் மெக்கார்த்தியின் வருஷம்.

அந்த ஜூன் 22-ம் தேதி, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ஜோ லூயிஸுக்கும் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்குக்கும் குத்துச்சண்டை. இரண்டு வருஷம் முன்னால் லூயிஸை ஷ்மெலிங் பன்னிரண்டாவது ரவுண்டில் சாய்த்திருந்தார். இப்போது லூயிஸ் உலக சாம்பியன். ஒரு பக்கம் கறுப்பின அமெரிக்கர், இன்னொரு பக்கம் ஹிட்லர் நாட்டு வீரர். அமெரிக்காவில் மட்டும் சுமார் 7 கோடிப் பேர் ரேடியோவுக்கு முன்னால். ரிங் பக்கத்தில் மைக்கோடு மெக்கார்த்தி. மணி அடித்தது. 124 நொடியில் ஷ்மெலிங் கதை முடிந்தது. ரேடியோவைச் சரியாகத் திருப்பிவைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர்களுக்குச் சண்டை முடிந்த செய்திதான் கிடைத்திருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தில் விழுந்த குத்துகளை இடது, வலது என்று குறிபார்த்துச் சொன்னது அந்தச் சரளைக் குரல்.

அடுத்தது நவம்பர் 1. பால்டிமோர் நகரத்தில் பிம்லிகோ மைதானம். வார் அட்மிரல், சீபிஸ்கட் என்ற இரண்டே குதிரைகளுக்கு நேருக்கு நேர் போட்டி. வார் அட்மிரல், முந்தின வருஷம் மூன்று பெரிய பந்தயங்களையும் வரிசையாக ஜெயித்து 'டிரிபிள் கிரவுன்' வாங்கியது. ராஜ பரம்பரை. சீபிஸ்கட், ஆரம்பத்தில் யாரும் சீந்தாத, குட்டைக் கால் குதிரை. பொருளாதார மந்தத்தில் வேலை போய் நொந்திருந்த ஜனங்களுக்கு எந்தக் குதிரை பிடித்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உட்பட சுமார் 4 கோடிப் பேர் ரேடியோவில் காத்திருந்தார்கள்.

மைதானத்தில் 40,000 பேர். மெக்கார்த்தி தன் வர்ணனைக் கூண்டுக்குப் போகப் பார்க்கிறார், முடியவில்லை. திருவிழாக் கூட்டத்தில் தேரிழுக்க வந்தவனே மாட்டிக்கொண்ட மாதிரி நிலைமை. என்ன செய்தார்? ஓடுதளத்தின் ஓரத்து வேலியிலேயே ஏறி, அங்கிருந்தபடி மைக்கைப் பிடித்துச் சொன்னார். சீபிஸ்கட் நான்கு குதிரை நீளத்தில் ஜெயித்தது. ஒரு நிமிஷம் 56 நொடி சொச்சம். மைதானத்தின் புது ரெக்கார்டு. வேலி மேல் தொற்றிக்கொண்டு வந்த குரல், ஒரு பெயர்கூடப் பிசகவில்லை.

ஆக, இரண்டு இரண்டு நிமிஷங்களில் ஒரு மனிதர் நாடறிந்தவர் ஆனார்.

மூன்றாவது இரண்டு நிமிஷம் ஒன்பது வருஷம் கழித்து வந்தது.

1947 மே 10. அதே பிம்லிகோ மைதானம். பிரீக்னஸ் பந்தயம். டிரிபிள் கிரவுன் வரிசையில் இரண்டாவது. ஒரு வாரம் முன்னால் முதலாவதான கென்டக்கி டெர்பியை ஜெயித்திருந்த குதிரை ஜெட் பைலட். அதன் முதலாளியம்மா, அழகு சாதனப் பொருளுக்குப் பேர்போன எலிசபெத் ஆர்டன். அதே டெர்பியில் மூன்றாவதாக வந்த குதிரையும் இங்கே ஓடுகிறது. அதன் பெயரை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபால்ட்லெஸ். தமிழில் சொன்னால், குறையில்லாதவன்.

பந்தயம் ஆரம்பித்தது. மெக்கார்த்தி வழக்கம்போலச் சரளையைக் கொட்டிக்கொண்டிருக்கிறார். தூரத்து வளைவில், குதிரைகளுக்கும் அவர் கண்ணுக்கும் நடுவே ஒரு மேடையில் நின்ற கூட்டம் மறைத்துக்கொண்டது. 1938-ல் எந்தக் கூட்டம் அவரை வேலி மேல் ஏற்றிக் கொடி கட்டிப் பறக்கவிட்டதோ, அந்தக் கூட்டம் 1947-ல் வட்டியும் முதலுமாக வசூல் பண்ண வந்துவிட்டது. மறைத்தது சில நொடிகள்தான். ஜெட் பைலட் ஜாக்கியின் சட்டையும் ஃபால்ட்லெஸ் ஜாக்கியின் சட்டையும் தூரத்துக்கு ஒரே மாதிரி தெரியும் கலர்கள். கூட்டம் விலகி, முன்னால் வந்த சட்டையைப் பார்த்தார். ஜெட் பைலட் என்றார். கடைசி நேர்க்கோட்டிலும் ஜெட் பைலட். கோட்டைத் தொட்டபோதும் ஜெட் பைலட். நாடு முழுக்க ஜெட் பைலட் மேல் ஆசை வைத்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

ஜெயித்தது ஃபால்ட்லெஸ். ஜெட் பைலட் நாலாவது.

சட்டென்று அவருக்கே தெரிந்துவிட்டது. இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? தொண்டையைச் செருமியிருப்போம். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று ஆரம்பித்திருப்போம். 'கூட்டம் மறைச்சிடுச்சு' என்று நியாயம் கேட்டிருப்போம். அதில் பொய்யும் இல்லையே, உண்மையிலேயே கூட்டம்தானே மறைத்தது? மெக்கார்த்தி அந்த மைக்கிலேயே, அந்த மூச்சிலேயே, நான் ஒரு பயங்கரமான தப்புப் பண்ணிவிட்டேன், இரண்டு குதிரைகளைக் குழப்பிவிட்டேன், ஜெயித்தது ஜெட் பைலட் இல்லை என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, பேபே ரூத்தே ஒரு தடவை 'ஸ்ட்ரைக் அவுட்' ஆகியிருக்கிறார், நானும் பெரிய மனுஷர்கள் வரிசையில் சேர்ந்துகொள்கிறேன் என்கிற மாதிரி ஒரு ஜோக்கும் அடித்தார். (பேபே ரூத், பேஸ்பால் ஆட்டத்தின் சக்கரவர்த்தி. ஸ்ட்ரைக் அவுட் என்றால், நம் பாஷையில் டக் அவுட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

பி.காம். முதல் வருஷத்தில் 'பிழை திருத்தம்' என்று ஒரு பாடம் உண்டு. தப்பாக எழுதிய பதிவை ரப்பர் வைத்து அழிக்கக்கூடாது. அது அப்படியே இருக்கட்டும். அதன் கீழே, இது தப்பு, இதோ சரியானது என்று புதுப் பதிவு எழுது. நேரடி ஒலிபரப்பில் இதைச் செய்த ஒரே அக்கவுண்டன்ட் மெக்கார்த்திதான் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. பில் ஸ்டெர்ன் என்று இன்னொரு பிரபல ரேடியோ வர்ணனையாளர். அமெரிக்க ஃபுட்பால் ஸ்பெஷலிஸ்ட். அந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். ஓடுகிறவன் பெயரை ஸ்டெர்ன் சில சமயம் மாற்றிச் சொல்லிவிடுவார். பாதி மைதானம் ஓடினபிறகு தப்பு தெரியும். அதனால் என்ன? எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், 'அவர் பந்தைப் பக்கத்தில் இருக்கும் இன்னாருக்குக் கைமாற்றிவிட்டார்!' என்று ஒரு வரி சேர்ப்பார். நடக்காத பாஸ். கேட்கிறவனுக்குக் கண் இல்லை. ஜெயித்த பெயர் சரியாக வந்துவிடும். ஸ்டெர்னின் கணக்குப் புத்தகத்தில் அடித்தல் திருத்தலே கிடையாது.

இந்த ஸ்டெர்ன், மெக்கார்த்தி தப்பு பண்ணினதைக் கிண்டல் செய்தாராம். மெக்கார்த்தி சொன்ன பதில் அந்த வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம். 'குதிரையைக் கைமாற்ற முடியாதே, ஐயா!'

மறு வருஷம், 1948-ல், ஸ்பைக் ஜோன்ஸ் என்பவரின் காமெடி வாத்தியக் கோஷ்டி ஒரு ரெக்கார்டு வெளியிட்டது. 'வில்லியம் டெல்' இசைக்கு நடுவே ஒரு சரளைக் குரல் குதிரைப் பந்தயம் சொல்லும். பீட்டில்பாம் என்ற குதிரை கடைசியிலேயே வந்துகொண்டிருக்கும். முடிவில் திடீரென்று அதுவே ஜெயித்துவிடும். அந்தக் குரல் மெக்கார்த்தியை வைத்துப் பண்ணின மிமிக்ரி என்று கேட்டவர்களுக்கெல்லாம் தெரியும். மிமிக்ரி பண்ணுகிற அளவுக்கு ஒருவர் குரல் ஜனங்களுக்குப் பழகியிருந்தால், அவர் தப்பை ஜனங்கள் மன்னித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? 1962-ல், எழுபத்தொன்பது வயதில் மெக்கார்த்தி காலமானார்.

தப்பை ஒப்புக்கொள்வது ஒரு ஜோக் அடிக்கிற அளவு சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை. டாம் டர்கின் என்று நம் காலத்து ஆள். நியூயார்க் மைதானங்களின் குரலாக 1990 முதல் 2014 வரை இருந்தவர். 2009 கென்டக்கி டெர்பியில் 'மைன் தட் பேர்ட்' என்ற குதிரை, சேறான ஓடுதளத்தில், உள்வேலியை ஒட்டிப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தது. ஒன்றுக்கு ஐம்பது என்று பந்தயம் கட்டப்பட்ட, ஒன்பதாயிரத்து ஐந்நூறு டாலருக்கு வாங்கிய குதிரை. அதை யார் எதிர்பார்த்தார்கள்? டர்கின் கண்ணிலும் அது பட்டபோது, ஏற்கெனவே எல்லாரையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2011-ல், டெர்பிக்கு முன்னால் வருகிற பதற்றம் தாங்கமுடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அந்த வேலையிலிருந்தே விலகிக்கொண்டார். ஹிப்னாடிஸ சிகிச்சைவரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. நாற்பது வருஷ சர்வீஸ் உள்ள மனுஷருக்கு இந்தக் கதி. இரண்டு நிமிஷ பயம் அப்படிப்பட்டது. அதையும் 'டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டார்' என்று மூடி மறைக்காமல், பயம்தான் காரணம் என்று சொன்னார் பாருங்கள், அவரும் மெக்கார்த்தி கட்சிதான்.

இவ்வளவு உபதேசம் பண்ணுகிறாயே, நீ எந்தக் கட்சி என்று கேட்கிறீர்களா? கேட்க மாட்டீர்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

முதல் வேலை. ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். கடை கடையாகப் போய் வசூல் பண்ணிக்கொண்டு வர ஒரு பையன் இருந்தான். என்னைவிட மூன்று நாலு வயசு சின்னவன். 'அண்ணே, அண்ணே' என்று சுற்றிவருவான். ஒரு நாள் பதினொரு கடை வசூல். அவன் கொடுத்த பணத்தை எண்ணாமல் டிராயரில் போட்டுவிட்டு, ரசீதுகளைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சாயங்காலம் கேஷ் 900 ரூபாய் குறைந்தது.

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தார். எல்லார் முன்னாலும் அந்த வார்த்தையைச் சொன்னார். எந்த வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும். அவனோ, 'பஸ்ஸுல எங்கயாச்சும் விழுந்திருக்குமோண்ணே' என்று தன் பாக்கெட்டையே திரும்பத் திரும்பத் துழாவினான். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னான்.

பகுதி நேரமாக வரும் பெரியவர் ஒருவர், பழைய காலத்து அக்கவுண்டன்ட், மறுநாள் காலையில் கேட்டார். "வித்தியாசம் ஒன்பதால வகுபடுதா பாருங்க தம்பி. வகுபட்டா, எங்கயோ ரெண்டு எண் இடம் மாறியிருக்கும்."

900 ஒன்பதால் வகுபடும். ரசீதின் கார்பன் காப்பியில் 4,500 இருந்தது. நான் ஏற்றியது 5,400. நாலும் ஐந்தும் இடம் மாறியிருந்தன. ஜெட் பைலட்டும் ஃபால்ட்லெஸ்ஸும்.

சத்தமில்லாமல் திருத்தினேன். முதலாளியிடம் போய், "கணக்கு சரியாயிடுச்சு சார்" என்றேன். சரியா 'யிடுச்சு'! யார் தப்பு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஸ்டெர்ன் தோற்றார், அப்படி ஒரு கைமாற்று.

அன்று சாயங்காலம் அந்தப் பையன் என்னை டீக்கடைக்கு இழுத்துப் போனான். "அண்ணே, நீங்க மட்டும் உக்காந்து தேடலைன்னா நான் மாட்டியிருப்பேன்" என்றான். காசையும் அவனே கொடுத்தான். அந்த டீயைக் குடித்தேன். அவன் மேல் விழுந்த வார்த்தையை முதலாளி திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய வசூலுக்கு அவனை அனுப்புவதை நிறுத்தினார். இரண்டு மாசத்தில் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

மெக்கார்த்தி சில நொடியில் சொன்னார். எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தப் பத்திரிகை நிறைய டீக்கடை பெஞ்சுகளுக்குப் போகிறது. அதில் ஏதோ ஒன்றில் உட்கார்ந்து அவன் இதைப் படிக்கக்கூடும்.

தம்பி, அந்த 900 ரூபாய் தானாகக் குறையவில்லை. நான்தான் குறைத்தேன்.

ஒரு டீ பாக்கி இருக்கிறது. நான் கொடுக்கிறேன்.